அண்ணியின் மாடியில் செக்கிங்

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் ஒரு விசில் கேட்டால், அண்ணி ஒரு பூச்சியைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டு விசில் கேட்டால் அந்தத் தொட்டி சுத்தம், அடுத்ததற்குப் போகிறார் என்று அர்த்தம். பேருந்திலும் அதே கணக்குதான். ஒரு விசில் நிறுத்து, இரண்டு விசில் போகலாம்.

அண்ணி நகரப் பேருந்தில் கண்டக்டர். பன்னிரண்டு வருடமாக ஒரே தடம், ஒரு நாளைக்கு ஆறு நடை. தடத்தில் எல்லோரும் அவரை "விசிலக்கா" என்பார்கள். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது, அண்ணனைத் தவிர. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடிக்கு நேர் கீழே படுத்தபடி கண்ணைத் திறக்காமலே இரட்டை விசில்களை எண்ணுவார். "பதினாலாவது தொட்டி. இன்னும் பதிமூணு பாக்கி. யாரும் என்னை எழுப்பாதீங்க."

மொத்தம் இருபத்தேழு. தொட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதில் பதினொன்று பெயிண்ட் வாளிகள், மூன்று ஓட்டை விழுந்த துணி துவைக்கும் டப்புகள், ஒன்று அண்ணனின் பழைய ஹெல்மெட். ஹெல்மெட்டில் புதினா. அதைத் தலைகீழாக வைத்து மண் போட்டபோது அண்ணன், "என் தலைக்குள்ள இருந்ததை விட இப்ப அதுக்குள்ள சத்து அதிகம்" என்றார். அண்ணி மறுக்கவில்லை.

மாடிப்படிக்கு அருகிலுள்ள முதல் வாளியில் தொடங்குவார். ஒன்றைக்கூடத் தாண்ட மாட்டார். இலையின் மேல்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நேராக அடிப்பக்கம், பிறகு கொழுந்து.

"டிக்கெட் எடுக்காதவன் எவனாவது முன் சீட்டுல உக்காருவானா? பின்னாடி கூட்டத்துக்கு நடுவுல, ஜன்னல் வழியா மேகத்தைப் பார்த்துட்டு நிப்பான். இவனுங்களும் அப்படித்தான்" என்று சொல்லியபடியே ஒரு கத்தரி இலையைத் திருப்பினார். அங்கே ஒரு பச்சைப் புழு, உண்மையாகவே மேகத்தைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஒரு விசில். புழு சோப்புத்தண்ணீர் டப்பாவுக்குள் போனது.

இந்த மாடி அண்ணிக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து வந்தால், சீருடையைக்கூட மாற்றாமல், தோல்பையோடு மாடியேறுவார். எட்டு மணி நேரம் "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று கத்திய தொண்டை. வந்ததும் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு பீன்ஸைப் பறித்து அப்படியே வாயில் போடுவார். பிறகு ஒரு தக்காளி, இரண்டு புதினா இலை, இன்னொரு பீன்ஸ். கழுவுவதில்லை, துடைப்பதுமில்லை. பத்து நிமிடம் மென்றுகொண்டே ஒவ்வொரு செடியாக நடப்பார். கீழே அண்ணன் என்னிடம், "ஆடு மேயப் போயிருக்கு, இப்ப எதுவும் கேக்காத" என்பார். அந்தப் பத்து நிமிடம் முடிந்தபிறகுதான் எங்கள் வீட்டுக்கு அண்ணி திரும்பக் கிடைப்பார்.

நான் இந்த வீட்டின் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். படித்தது தாவரவியல். பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். செய்தி பார்க்கும்போதெல்லாம் அதையும் பார்த்தாக வேண்டும். இதனால் வந்த வினை, உறவினர்கள் வாடின செடிகளையெல்லாம் நோயாளியைத் தூக்கி வருகிற மாதிரி என்னிடம் தூக்கி வருவார்கள். "செடிப் படிப்பு படிச்ச பொண்ணு, பார்த்துச் சொல்லும்மா." நான் இலைத்துளைகளைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவேன். ஆனால் என் கையால் ஒரு கீரைகூட முளைத்ததில்லை. மூன்று வருடம் நான் என்னதான் படித்தேன் என்ற கேள்வி, ஒவ்வொரு வாடின செடியோடும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அண்ணி மட்டும் என்னிடம் எதையும் தூக்கி வந்ததில்லை. அது மரியாதையா, சந்தேகமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். கீழ்த்தளத்தில் அவர் வீடு, தெருமுனையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. தன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு அதற்கு மேலாகத்தான் எதையும் பார்ப்பார். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவர், தன் கண்ணாடி வழியாகப் பார்த்து நான் கண்டதில்லை. அன்று அவர் கையில் ஒரு செம்பருத்திக் கிளை இருந்தது. மொட்டு தெரியாத அளவுக்குக் கருப்பும் பச்சையுமாகப் பொடிப்பொடியாக அப்பியிருந்தது. கிளை முழுக்கப் பிசுபிசுப்பு.

"ஏம்மா கண்டக்டர், இது என்னன்னு பாரு."

"அசுவினிப் பூச்சி" என்றேன் நான். இந்த ஒன்று எனக்குத் தெரியும்.

"பட்டதாரியே சொல்லிட்டா. இது உங்க மாடியிலருந்துதான் என் செடிக்கு இறங்குது."

"படிக்கட்டுல இறங்கி வந்துச்சா சார்? நான் பார்க்கலையே" என்றார் அண்ணி.

"பறந்து வந்துச்சோ நடந்து வந்துச்சோ. வர்ற ஞாயித்துக்கிழமை மருந்தடிக்கிற ஆள் வரார். கேட்டுல ஆரம்பிச்சு மாடி வரைக்கும் ஒரு இலை விடாம அடிச்சுட்டுப் போவார்."

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "சார், நான் இதுலருந்து பறிச்சு அப்படியே திங்கிறவ."

"ஒரு மாசம் திங்காத."

"ஒரு மாசம் கழிச்சு?"

"மறுபடி அடிப்பார். மாசா மாசம் வரச் சொல்லிப் பேசியிருக்கேன்."

அண்ணி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற ஆள் இல்லை. நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிறவர். அன்று மாட்டிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை காலையில நீங்களே வாங்க சார். உங்க கடை பூதக்கண்ணாடிய எடுத்துட்டு வாங்க. இந்த மாடியில ஒரே ஒரு பூச்சி கண்ணுல பட்டா, மருந்து அடிச்சுக்கோங்க. நான் வாயத் திறக்க மாட்டேன். ஒண்ணும் இல்லைன்னா அந்த ஆள் படியேறக் கூடாது."

"நீ வாயத் திறக்க மாட்டியா?" வீட்டுக்காரர் கண்ணாடிக்கு மேலாக அண்ணியைப் பார்த்தார். "அதைப் பார்க்கவே வரேன்மா."

அவர் இறங்கிப் போனதும் அண்ணன் கேட்டார். "ஒரே ஒரு பூச்சியா? ஏன், அஞ்சு பத்துன்னு பேசி வெச்சிருக்கக் கூடாதா? காய்கறிக் கடையில அப்படிப் பேரம் பேசுற?"

"வாயில வந்துடுச்சு" என்றார் அண்ணி.

கையில் ஏழு நாள். எண்ணிப் பார்த்ததில் இருபத்தேழில் ஒன்பது தொட்டிகளில் அசுவினி குடியேறியிருந்தது. அதிகக் கூட்டம் பீன்ஸில்.

திங்கட்கிழமை தண்ணீர். கொழுந்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, குழாயின் வாயைக் கட்டை விரலால் பாதி அடைத்து, அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி அடித்தார். அசுவினிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. "விழுந்தா திரும்ப ஏறத் தெரியாதுடி இதுக்கு. நம்ம பஸ்ஸுக்கு ஓடி வர்ற பெரியவங்க மாதிரி, ஒரு தடவ விட்டா விட்டதுதான்." அண்ணிக்குக் குஷி. குழாயைத் திருப்பி எனக்கும் ஒரு அடி அடித்தார். நானும் உதிர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் கொழுந்தில் மறுபடி பாதிக் கூட்டம். அன்று சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, சோப்புத்தண்ணீரில் நாலு சொட்டு வேப்பெண்ணெய் கலந்து, பழைய பனியன் துணியை நனைத்து, கூட்டம் அதிகமாக இருந்த இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தோம். வீடு முழுக்க வேப்பெண்ணெய் நாற்றம். மறுநாள் அண்ணன் வேலைக்குப் போய் வந்து சொன்னார். "என்கூட லிஃப்ட்ல ஏறுன ஒருத்தர் ரெண்டாவது மாடியிலயே இறங்கிட்டார். அவர் போக வேண்டியது ஏழாவது."

அந்தப் புதன்கிழமைதான் அண்ணி உண்மையான குற்றவாளியைப் பிடித்தார். காலையில் பீன்ஸ் பக்கம் விசில் வரவில்லை. ஒன்றும் வரவில்லை, இரண்டும் வரவில்லை. எனக்குப் பயமாகி மேலே ஓடினேன். அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயில் விசிலோடு, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு. இந்த எறும்பு என்ன பண்ணுது பாரு."

ஒரு எறும்பு அசுவினியின் முதுகை மீசையால் தட்டியது. அசுவினியின் பின்பக்கத்தில் ஒரு பளபளப்பான சொட்டு வந்தது. எறும்பு அதைக் குடித்தது. அடுத்ததைத் தட்டியது. இது என் பாடத்தில் இருக்கிறது. நாலு வரி. நேரில் பார்த்தது இப்போதுதான்.

"அது தேன்கசிவு அண்ணி. அதுக்காக எறும்பு இதுங்களை மாடு மாதிரி வளர்க்கும். இடம் விட்டு இடம் தூக்கிட்டுப் போகும், வேற பூச்சி வந்தா விரட்டும்."

"ஏஜென்ட்டு!" அண்ணி துள்ளி எழுந்தார். "நான் மூணு நாளா பயணிய இறக்கிட்டு இருக்கேன், இவன் பின்பக்கமா ஏத்தி விட்டுட்டு இருக்கான்! ஏய், வரிசை எங்கிருந்து வருதுன்னு பிடி!"

வரிசையைப் பிடித்துக்கொண்டு போனோம். பீன்ஸிலிருந்து சுவர், சுவரிலிருந்து கைப்பிடி, அங்கிருந்து டி.வி. கேபிள். கேபிள் நேராகக் கீழே இறங்கியது. அண்ணி கைப்பிடியில் வயிறு மடியக் குனிந்து பார்த்தார். கேபிள் போய்ச் சேர்ந்த இடம் வீட்டுக்காரரின் செம்பருத்தி.

"அவர் செடியிலருந்துதான் மேல வருது!" என்று கூவினேன்.

அண்ணன் பல் துலக்கியபடியே வந்து எட்டிப் பார்த்தார். "சில எறும்பு இறங்கவும் செய்யுதே. ரிட்டர்ன் டிக்கெட் போல."

அன்று அண்ணன் எங்கள் படையில் சேர்ந்தார். லிஃப்டின் தண்டவாளத்துக்குப் போடும் கிரீஸை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கேபிளில் ஒரு சாண் நீளத்துக்குப் பூசினார். தொட்டிகள் வைத்திருந்த ஸ்டாண்டுகளின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பீன்ஸ் கொடிகளை அண்ணி பிரித்துக் குச்சியில் கட்டினார். சாயங்காலம் எறும்பு வரிசை கிரீஸ் வரை வந்து, திகைத்து, ஒன்றோடொன்று பேசி, திரும்பிப் போனது. அண்ணி இரண்டு விசில் ஊதினார். "ரைட், ரைட்."

இதற்குப் பிறகு வருவதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை அண்ணிக்குப் பகல் ஷிஃப்ட். நான் தனியாக மாடிக்குப் போனேன். இந்த வாரத்தில் நான் செய்தது துணி பிழிந்ததும் ஒரு பாட வரியை ஒப்பித்ததும்தான். எனக்கும் ஏதாவது பிடிக்க வேண்டும் போலிருந்தது. பீன்ஸ் இலையைத் திருப்பினேன். அங்கே ஒரு கருப்புப் பிராணி. ஒரு அரிசியை விடக் கொஞ்சம் நீளம், முதுகெல்லாம் முள், இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் புள்ளிகள், ஆறு கால். முதலைக்குட்டியைச் சுருக்கி வைத்த மாதிரி ஒரு முகம். இப்படி ஒரு முகம் உள்ளது நல்லதாக இருக்க முடியுமா? அடுத்த இலையிலும் ஒன்று. அதற்கடுத்த இலையில் இரண்டு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியின் உதிரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேட்டையில் இறங்கினேன். ஒரு விசில், ஒரு பிராணி. எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலைத் திறந்து, "இன்னிக்கு என்ன, பஸ் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிக்குதா?" என்று கேட்டார். முதல் பன்னிரண்டு சோப்புத்தண்ணீருக்குள் போயின. தண்ணீர் தீர்ந்துவிட்டதால் மீதியை ஒரு காலி ஜாம் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டேன். அண்ணியிடம் உயிரோடு காட்ட வேண்டும் என்று ஆசை. எண்ணினேன். பாட்டிலுக்குள் முப்பத்தொன்று.

சாயங்காலம் அண்ணி படியேறும்போதே பாட்டிலை நீட்டினேன். அண்ணி வாங்கிப் பார்த்தார். வாயில் போடவிருந்த பீன்ஸ் கையிலேயே நின்றது.

"இவங்கள ஏன்டி பிடிச்ச?"

"பூச்சி அண்ணி! புதுசா வந்திருக்கு! முப்பத்தொண்ணு! பயங்கரமா இருக்கு பாருங்க."

"புதுசா இல்ல. திங்கக்கிழமையே நாலு பேரைப் பார்த்தேன். யாருன்னு தெரியல. ஆனா இலையில ஒரு கடி இல்ல. இவங்க நிக்கிற இலையில அசுவினி குறையுது. அதனால தொடாம விட்டேன். ஏஜென்ட் போனதும் இன்னும் தைரியமா வெளிய வந்திருக்காங்க." அண்ணி சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அடுத்த கேள்வி என்ன என்று தெரிந்துவிட்டது. "நீதானே படிச்ச. யாரு இவங்க?"

நான் கீழே ஓடினேன். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியில் கல்லூரி ரெக்கார்டு நோட்டுகள். எனக்குத் துணைப்பாடம் விலங்கியல். இரண்டாம் ஆண்டு நோட்டில், பக்கம் நாற்பத்தாறில், "பொறிவண்டின் வாழ்க்கைச் சுழற்சி". முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு. நாலு படமும் நானே வரைந்தவை. புழுவின் ஆறு காலுக்கும் அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு முள்ளையும் கூர் சீவிய பென்சிலால் தீட்டியிருக்கிறேன். ஓரத்தில் பேராசிரியரின் சிவப்பு மையில் "மிக நன்று".

பென்சில் படம். அதில் ஆரஞ்சுப் புள்ளி இல்லை. நான் அதைச் சாம்பல் நிறத்தில்தான் அறிந்திருந்தேன். அசுவினியைத் தின்று செடியைக் காப்பாற்றுவது என்று கீழே நானே எழுதியும் இருந்தேன், கோடு போட்டு, அழகான கையெழுத்தில்.

நோட்டோடு மேலே போனேன். அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று எனக்கே தெரியவில்லை. "அண்ணி, இது நம்ம ஆளு. அசுவினியைத் திங்கிற ஆளு. நான் பன்னிரண்டு பேரைக் கொன்னுட்டேன்."

அண்ணி நோட்டையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்க" என்றார். பிறகு, "முப்பத்தொண்ணுன்னா சொன்ன? இதுல இருபத்தாறுதான் இருக்கு."

எண்ணினேன். இருபத்தாறு. ஒன்று, இன்னொன்றின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"சாப்பாடு இல்லாம அடைச்சு வெச்சா ஒன்னை ஒன்னு தின்னுடும் போல!" என்று கத்தினேன்.

"அடச்சீ! மூடியத் திற, திற! ஓவர்லோடு!"

அண்ணனின் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்துவந்தோம். ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷில் ஏற்றி, அசுவினி இருக்கிற இலையாகப் பார்த்து இறக்கினோம். அண்ணிக்கு மனம் தாளவில்லை. ஒவ்வொன்றிடமும் பேசினார். "வாங்க சார், முன்னாடி சீட்டு காலி. நீங்க அந்த இலைக்குப் போங்கம்மா, கூட்டம் கம்மி. இடிக்காதீங்க, எல்லாருக்கும் இடமிருக்கு." ஒன்று பிரஷ்ஷை விட்டு இறங்க மறுத்தது. "படியில நிக்காத!" என்று அண்ணி ஒரு அதட்டல் போட்டார். இறங்கிவிட்டது. நான் சிரித்துச் சிரித்து ஹெல்மெட் புதினா மேல் விழப்போனேன். பன்னிரண்டு கொலை செய்தவள் இப்படிச் சிரிக்கலாமா என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம் சிரிப்பு நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஏழு தொட்டிகளில் அசுவினி சுத்தமாக இல்லை. பீன்ஸில் இரண்டு வாளிகளில் மட்டும் கொஞ்சம். ஆனால் பந்தயம் அசுவினி பற்றியது இல்லை. ஒரே ஒரு பூச்சி. எங்கள் மாடியில் இப்போது இருபத்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலை முகத்தோடு, ஆரஞ்சுப் புள்ளியோடு. பூதக்கண்ணாடியே தேவையில்லை.

"அண்ணி, நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் எல்லாரையும் பாட்டில்ல வெச்சிடலாமா? உள்ள அசுவினியும் போட்டு விடலாம். அவர் பார்த்துட்டுப் போனதும் திறந்துடலாம்."

அண்ணி யோசிக்கும்போது ஒரு பீன்ஸைப் பறித்து மென்றார். இதுவே கடைசி பீன்ஸாக இருக்கலாம் என்று எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்கும், மெதுவாக மென்றார்.

"வேணாம்டி. பன்னிரண்டு வருஷத்துல செக்கிங் ஏறும்போது நான் யாரையும் அவசரமா இறக்கிவிட்டது கிடையாது. டிக்கெட் வெச்சிருக்கிறவன் ஏன் இறங்கணும்?"

"அவர் ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்கலன்னா..." அண்ணி பீன்ஸ் காம்பைக் கிள்ளி எறிந்தார். "நான்தானே ஒரு பூச்சின்னு சொன்னேன். என் வாய்."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வீட்டுக்காரர் ஏறி வந்தார். கையில் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி, கடையில் பொடி எழுத்துப் படிக்கக் காட்டுவது. அவருக்குப் பின்னால் மருந்தடிக்கிறவர், முதுகில் தொட்டி, கையில் குழாய், முகத்தில் சலிப்பு. அண்ணி சீருடையில் நின்றார். ஒன்பதேகாலுக்கு டிப்போவில் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் முதல் வாளியில் தொடங்கினார். அவரும் வரிசையாகத்தான் போனார். கத்தரி, மிளகாய், தக்காளி. இலையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"அடிப்பக்கம் பாருங்க சார்" என்றார் அண்ணி.

நான் அண்ணியின் கையைக் கிள்ளினேன். அண்ணி அசையவில்லை. மருந்தடிக்கிறவர்கூட முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

பீன்ஸில் மூன்றாவது இலை. வீட்டுக்காரர் நின்றார். "ஆங்! இதோ! பூச்சி! பெரிசு! முள்ளு வேற!"

மருந்தடிக்கிறவர் குழாயின் மூக்கைத் திருகினார். அண்ணி வாயைத் திறந்தார், மூடினார். வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, விசில் இல்லாமலே விசில் ஊதுகிறவர் மாதிரி நின்றார். நான் வாக்குக் கொடுக்கவில்லை.

"சார், அவசரப்படாதீங்க. அது என்ன பண்ணுதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க. கண்ணாடி வழியா."

"என்ன பண்ணும், இலையத் திங்கும்."

"பாருங்க சார்."

அவர் முதலில் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு, ஏனோ, மூக்குக்கண்ணாடியைத் தள்ளி மேலே ஏற்றினார். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் அவருடைய காதருகில் குனிந்தேன். இலையின் நடு நரம்பில் கருப்புப் புழு நடந்தது. நாலு அடி தள்ளி, புழுவின் அடிக்கு நாலு அடி, ஒரு அசுவினி குண்டாகப் பச்சையாக உட்கார்ந்திருந்தது. புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. போய் முட்டியது. பிடித்துவிட்டது.

"ஏய்!" என்றார் வீட்டுக்காரர்.

 பூதக்கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அசுவினியின் கால்கள் கொஞ்ச நேரம் ஆடின. பிறகு பச்சை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. புழு வாயைத் துடைத்துக்கொண்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முன்காலால் துடைத்துக்கொண்டது.

"முழுசா தின்னுடுச்சு" என்றார் வீட்டுக்காரர், எங்களுக்குச் செய்தி சொல்கிற மாதிரி. "முழுசா! காலையும் விடல!"

"அப்ப அங்க ஒரு அசுவினியும் இருந்துச்சுல்ல சார்?" மருந்தடிக்கிறவர் ஞாபகப்படுத்தினார். "ரெண்டு பூச்சி ஆச்சு. அடிக்கவா?"

வீட்டுக்காரர் நிமிரவில்லை. "அதான் இப்ப இல்லையே."

"அந்தக் கருப்பு?"

"அது பூச்சி இல்லைப்பா. அது..." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கண்ணாடி வழியாக. "அது என்னம்மா?"

"பொறிவண்டோட புழு சார். இது வளர்ந்தா சிவப்பா, முதுகுல புள்ளியோட ஒரு வண்டு."

"அந்த வண்டா? சின்ன வயசுல உள்ளங்கையில விட்டு விளையாடுவோமே? அதுக்கு இப்படி ஒரு முகமா?" அவர் அடுத்த இலைக்குக் குனிந்தார். "இங்க இன்னொருத்தன் சாப்பிட்டுட்டு இருக்கான். ஏம்பா, வந்து பாரு, வந்து பாரு."

மருந்தடிக்கிறவர் முதுகுத் தொட்டியோடு குனிய முடியாமல், அதைக் கழற்றிக் கீழே வைத்தார். இருவரும் ஒரே கண்ணாடியில் முட்டிக்கொண்டு பார்த்தார்கள். இருபது நிமிடம் போனது. அண்ணியின் கன்னம் இன்னும் உப்பியே இருந்தது.

"சார்" என்றேன், "அண்ணி இப்ப வாயத் திறக்கலாமா?"

"திறக்கச் சொல்லும்மா, பாவம்."

அண்ணி ஒரு பெருமூச்சு விட்டார். அது மாடி முழுக்கக் கேட்டது. "உங்க செம்பருத்திக்கு நாலு பேரைத் தரேன் சார். ஆனா கீழேயும் மருந்து அடிக்கக் கூடாது. அடிச்சா முதல்ல இவங்கதான் சாவாங்க. அப்புறம் அந்த எறும்பு ஏஜென்ட்டைத் தடுக்கணும். தண்டுல கிரீஸ் நேரா பூசக் கூடாது, ஒரு துணியச் சுத்தி அது மேல பூசணும். இவ அண்ணன் பூசித் தருவார்."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்றார் மருந்தடிக்கிறவர்.

அண்ணி ஒரு பீன்ஸைப் பறித்து அவரிடம் நீட்டினார். "சாப்பிடுங்க."

அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "கழுவல?"

"எதுக்கு?"

அவர் பீன்ஸைப் பார்த்தார், தன் தொட்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். குழாயடிக்குப் போய்க் கையை மட்டும் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, பீன்ஸைக் கழுவாமல் கடித்தார். "நான் இப்படிச் சாப்பிட்டுப் பல வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டார். அண்ணி நாலு கொடுத்தார்.

நாலு புழுவைப் பிரஷ்ஷால் ஏற்றிச் செம்பருத்தியில் இறக்கியது அண்ணிதான், ஓட்டமும் நடையுமாக. மணி ஒன்பது. தோல்பையை மாட்டிக்கொண்டு, ஒரு தக்காளியை வாயில் அடைத்துக்கொண்டு பறந்தார்.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் கீழேயிருந்து கத்தினார். "ஏம்மா பட்டதாரி! நாலு பேர்னுதானே சொன்னீங்க, இங்க மூணு பேர்தான் இருக்காங்க! ஒன்னை ஒன்னு தின்னுடுச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. பேருந்து இரைச்சலுக்கு நடுவே அண்ணி. "ஏய், ஒருத்தன் என் காலர்ல ஏறி வந்துட்டான்டி. ரெண்டு ஸ்டாப் தாண்டித்தான் பார்த்தேன். நம்ம ஸ்டாப்புக்குப் பத்து நாப்பதுக்கு வருவோம். பிரஷ்ஷோட நில்லு."

நின்றேன். பக்கத்தில் வீட்டுக்காரரும் நின்றார், பூதக்கண்ணாடியோடு, கடையைத் திறக்காமல். பேருந்து வந்தது. ஒரு விசில். பின்பக்கப் படியில் அண்ணி, டிக்கெட் மெஷினில் கிழித்த வெற்றுக் காகிதத்தைக் கூம்பாக மடித்துப் பிடித்திருந்தார். ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள்.

"ஒழுங்கா வந்தாரா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"சேட்டை பண்ணல சார். பசி மட்டும்தான். சீக்கிரம் இறக்கி விடுங்க."

கூம்புக்குள் பார்த்தேன். கருப்பு, ஆரஞ்சு. ஆறு காலும் இருந்தன.

அண்ணி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்பிப் பேருந்துக்குள் குரல் கொடுத்தார். "உள்ள போங்க, உள்ள போங்க, என்ன வேடிக்கை!" இரண்டு விசில்.